ஆறுச்சாமி பெயருக்கு வந்த குரல்

1

இந்தக் கதை ஒரு பொய் விபத்திலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

எரிவாயுக் குழாய் போடுகிற கம்பெனிக்காரர்கள் குழாய் போகிற ஊர்களில் அவசரகாலப் பயிற்சி நடத்துவார்கள். பயிற்சிக்கு ஒத்திகை வேண்டும். ஒத்திகைக்கு ஒரு விபத்து வேண்டும். எந்த இடத்தில் கசிந்தது, ஏன் கசிந்தது, யாருக்கு அடிபட்டது என்றெல்லாம் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும் அல்லவா? குன்னூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த வேலையைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினார். கதை எழுதுகிற ஆள்தானே, ஒரு விபத்தை எழுத முடியாதா என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். சாவு வேண்டாமாம், காயம் போதுமாம். செத்தவரை வைத்துக்கொண்டு ஒத்திகையில் என்ன செய்வது என்று அவர்கள் கையேட்டில் இல்லையாம்.

நான் சாகடித்திருந்த ஆளை எடுத்துவிட்டேன். அவருக்குப் பதிலாகக் கால் சுளுக்கிய இரண்டு பேரைப் போட்டேன். ஆனால் எடுத்த ஆள் என்னை விட்டுப் போகவில்லை. அவர் பெயர் ஆறுச்சாமி.

கீழே சமவெளியில் ஓர் ஊரில் அந்த ஒத்திகை நடந்தபோது நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணும்போது ஒரு பெண் இரண்டு பேருக்குக் குரல் கொடுத்தாள். முதலில் தன் குரலில், அடுத்தது கொஞ்சம் தடித்த குரலில். பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் நேரில் கேட்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது. நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் நான் இந்தக் கதைக்காகப் போட்டிருக்கும் குழாயும் கிடையாது, எஸ்டேட்டும் கிடையாது. யாரும் பஸ் ஏறிப் போய்த் தேட வேண்டாம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

[சைரன் ஊதியபோது இசக்கியம்மா மேல் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.]

மோசமில்லை. ஆனால் சைரனில் தொடங்கினால் கதை ஓட ஆரம்பித்துவிடும். இது ஓடுகிற கதை இல்லை, ஒரே இடத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்த ஒருத்தியின் கதை.

இரண்டாவது:

[நீலகிரியின் பனிமூட்டம் ஒரு வெண்போர்வையைப் போல மலைகளை

இதை முடிக்கவே இல்லை. மலையில் இருக்கிறவன் எவனும் பனியைப் போர்வை என்று சொல்ல மாட்டான். போர்வை என்றால் குளிர் அடங்க வேண்டாமா?

மூன்றாவது தொடக்கத்தைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். அது பெரட்டில் தொடங்குகிறது.

3

காலையில் வேலைக்கு ஆள் எடுப்பதற்குத் தேயிலை எஸ்டேட்டில் பெரட்டு என்று பெயர். ஆபீசுக்கு முன்னால் இருக்கிற களத்தில் எல்லோரும் கூடையோடு நிற்பார்கள். சூப்பர்வைசர் பெயர் வாசிப்பார். குரல் வந்தால் ஆள் உண்டு, வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. பனி இறங்கிய காலைகளில் பக்கத்தில் நிற்பவள் முகமே தெரியாது. குரல்தான் ஆள்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையைப் பால்வாடியில் விட்டு வர ஒருத்திக்கு நேரமாகும், இன்னொருத்திக்கு அடுப்பு பற்றாது. வராதவளுக்கு வந்தவள் குரல் கொடுத்துவிடுவாள். பெயர் வாசித்து முடிப்பதற்குள் மற்றவள் மூச்சு வாங்க ஓடிவந்து வரிசையில் நுழைந்துகொள்வாள். சூப்பர்வைசருக்கும் தெரியும். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே, காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார்.

இசக்கியம்மா தினமும் தேவிக்குக் குரல் கொடுத்தாள். பக்கத்து வீடு, ஒரே சுவர். தேவியின் கணவர் ஆறுச்சாமி கொழுந்து மூட்டையோடு சரிவில் விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கிப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரைத் துடைத்து, துணி மாற்றி, ஒரு வாய் ஊட்டிவிட்டுத் தேவி களத்துக்கு வருவதற்குள் விடிந்து வெயிலே வந்துவிடும். அவள் பெயர் வந்ததும் இசக்கியம்மாவின் வாய் தன்னால் திறக்கும். யோசித்துச் செய்கிற காரியமாக அது இருந்து பல வருஷம் ஆகிவிட்டது.

குழாய் வந்தது. கோத்தகிரி மலைப்பாதை வழியாக மேலே ஏறி, எஸ்டேட் ஓரமாக, லைன் வீடுகளுக்கு மேற்புறச் சரிவில் மண்ணுக்குள் போனது. குழாயோடு கூடவே பெனிஸ் வந்தான். கம்பெனியின் பாதுகாப்புப் பயிற்சியாளன், சொந்த ஊர் கேத்தி. நம்ம பக்கத்துப் பையன் என்று எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. கேத்தியில் முட்டைக்கோஸ் அழுகிக் கிடந்தால் எப்படி நாறும், அந்த நாற்றம் வந்தால் தீக்குச்சி உரசாதே, லைட்டைப் போடவும் போடாதே அணைக்கவும் அணைக்காதே, வண்டியைக் கிளப்பாதே, மேடான இடத்துக்கு நடந்து வா என்று சொல்லிக் கொடுத்தான். மேடான இடம் என்றால் பெரட்டுக் களம்தான். அங்கே வந்ததும் பெயர் வாசிப்பார்கள். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றால் மீட்புக் குழு உள்ளே போகாது. ஆளில்லாத வீட்டுக்காக இன்னொரு உயிரை வாயுவுக்குள் அனுப்பக் கூடாது, அதுதான் விதி. நியாயமான விதி. நான் எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

முதல் ஒத்திகையில் நாலு பேர் ஆறுச்சாமியைக் கட்டிலோடு தூக்கினார்கள். லைன் வீட்டுப் படிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துப்போகாது. ஒவ்வொரு படிக்கும் அவர் அலறினார். தேவி முந்தானையைக் கடித்துக்கொண்டு கூடவே வந்தாள். பெனிசுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணனை இனிமே படுத்த வேண்டாமுங்க. பேரு வந்தா யாராச்சும் கொரலு குடுத்துருங்க. ஒத்திகைதானே" என்றான்.

அன்றிலிருந்து ஒத்திகையில் ஆறுச்சாமிக்கும் சேர்த்து யாராவது ஒருத்தி குரல் கொடுத்தாள், பல முறை இசக்கியம்மா. ஒத்திகை முடிந்து எல்லோரும் பன்னும் டீயுமாக இறங்கி வரும்போது அவர் படுக்கையில் இருந்தபடியே கேட்பார், என்னைக் காப்பாத்தியாச்சா என்று. மொதல்ல உங்களைத்தான் என்பாள் தேவி. இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி மூன்று பேரும் சிரிப்பார்கள்.

(இந்தக் கதையில் ஒரு கெட்டவரையாவது வைத்துக்கொள்ளலாம் என்று எவ்வளவோ பார்த்தேன். கிடைக்கவில்லை. எல்லோரும் இரக்கப்பட்டே இந்தக் காரியத்தைச் செய்தார்கள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.)

4

ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு காலை மேற்புறச் சரிவு வழுக்கி இறங்கி, குழாயை வளைத்து ஒரு மூட்டில் விரிசல் உண்டாக்கிவிட்டது.

சைரன் ஊதியது. இசக்கியம்மா மேல் தேயிலைக் காட்டில் இருந்தாள். கூடையைப் போட்டுவிட்டு மற்றவர்களோடு நேரே களத்துக்கு நடந்தாள். லைன் வீடுகளிலிருந்தும் ஆட்கள் ஏறி வந்தார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் தள்ளவில்லை. சொல்லிக் கொடுத்தபடியே வந்தார்கள். மழைக்காலத்தில் பக்கத்திலிருந்த குழாய் வால்வு நிலையத்தில் ஒரு ஜீப் எப்போதும் நிற்கும் என்பதால் பெனிசும் மீட்புக் குழுவும் அவர்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். முதுகில் காற்று உருளையோடு குழு தயாராக நின்றது. பனி அப்படி ஒரு பனி. பெனிஸ் பெயர் வாசித்தான்.

"ஆறுச்சாமி."

"இருக்கறாருங்க."

"தேவி."

"இருக்கறேனுங்க."

கடைசிப் பெயர் வரைக்கும் குரல் வந்தது. ஆளெல்லாம் சரி என்று பெனிஸ் சொன்னதும் ஒத்திகைப் பழக்கத்தில் சிலர் கைகூடத் தட்டினார்கள்.

தேவி அன்று களத்தில் இல்லை. காலையிலேயே லீவு சொல்லிவிட்டு, கணவரின் படுக்கைப் புண்ணுக்கு மருந்து வாங்கக் கோத்தகிரிக்குப் போயிருந்தாள். போகும்போது இசக்கியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று கதவைத் தட்டியிருக்கிறாள். இசக்கியம்மா அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தாள்; பெரட்டில் தேவியின் பெயர் வாசிக்காமல் விட்டதையும் பனியில் அவள் கவனிக்கவில்லை.

கசிந்தது கனமான வாயு. மேலே போகாது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். லைன் வீடுகள் தாழ்வில் இருந்தன. ஆறுச்சாமியின் கட்டில் அதைவிடத் தாழ்வு. புரண்டு விழுந்தாலும் அடிபடக் கூடாது என்று தேவிதான் அதன் கால்களை அறுத்துக் குட்டையாக்கி வைத்திருந்தாள்.

(இந்தக் கட்டிலை எழுதிய பிறகு கொஞ்ச நாள் நான் இந்தப் பக்கமே வரவில்லை.)

5

இப்போது ஒரு கேள்வியைக் கடக்க வேண்டும். குரல் கொடுத்த அந்தக் கணத்தில் இசக்கியம்மாவுக்கு என்ன தெரியும்?

[அவளுக்கும் தேவிக்கும் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பழைய பகை

சீ. இப்படி ஒரு வரியை எழுதினேன் என்பதை நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.

[அவளுக்கு எதுவும் தெரியாது. தேவி வந்து அலறும்வரை அவள் எதையும் உணரவில்லை.]

இது அவளுக்குச் சலுகை. இவ்வளவு சுத்தமான மனுஷியை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

நான் நம்புவது இதைத்தான். வாய் முந்திக்கொண்டது. அடுத்த இரண்டு பெயர் வாசிப்பதற்குள் அவள் நெஞ்சில் என்னவோ இடறியது. இது ஒத்திகை இல்லையே, அண்ணனை யார் தூக்கி வந்தார்கள் என்று நினைத்தாள். தேவி எப்படியாவது ஆள் வைத்துத் தூக்கி வந்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையைத் தூக்கியிருக்கலாம். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருக்கும்போது கணக்கு தப்பு என்று எப்படிச் சொல்வது என்று நினைத்துத் தயங்கினாள். முதலில் தேவியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பனிக்குள் ஒவ்வொரு முகமாகக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். இவள் இல்லை, இவள் இல்லை. கடைசியில் அதே லைனில் இருக்கிற கருப்பம்மாதான் சொன்னாள், தேவி காலையிலேயே கோத்தகிரி பஸ் ஏறிவிட்டாளே, குரல் வந்ததால் திரும்பிவிட்டாள் என்று நினைத்தேன் என்று.

இசக்கியம்மா பெனிசிடம் ஓடினாள். ஆறுச்சாமி உள்ளேதான் இருக்கிறார் என்று மட்டும் சொன்னாள். அவன் முகம் வெளிறியதைப் பார்த்தாள். குழு இறங்கி ஓடியது. தூக்கி வந்தபோது ஆறுச்சாமி இந்த முறை அலறவில்லை.

6

தேவி ரோட்டில் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓடிவந்தாள். மருந்துப் பை கையில் இருந்தது. யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை.

பிறகு பெனிஸ் எல்லோரையும் பார்த்துக் கேட்டான், ஆறுச்சாமி அண்ணன் பெயருக்குக் குரல் கொடுத்தது யார் என்று. ஒரு பெண் குரல் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். ஒருவரும் தலை நிமிரவில்லை. அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணும் என்றைக்காவது ஒருநாள் இன்னொருத்திக்குக் குரல் கொடுத்தவள்தான். கேட்ட பெனிசும் நிமிர்ந்து கேட்கவில்லை.

இசக்கியம்மா சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தேவி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை பேருல நீங்க ஒருத்தராச்சும் அவரைத் தேடுனீங்களே அக்கா."

திறந்த வாய் மூடிக்கொண்டது.

அன்றே சொல்லியிருந்தால் ஒரு தப்பு. காரியம் முடிந்ததும் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டதில் அது இரண்டானது. பிறகு தேவி இசக்கியம்மா வீட்டிலேயே சாப்பிட ஆரம்பித்தாள். தன் வீட்டில் உட்கார்ந்தால் கட்டில் இருந்த இடம் கண்ணில் படுகிறதாம், சோறு இறங்குவதில்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இசக்கியம்மா அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஊரெல்லாம், கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் இசக்கியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் தேவி சொன்னாள்.

"கொரலு குடுத்தவ யாருன்னு தெரியலை. அவ நல்லா இருக்கோணும்னு என்னால நெனைக்கவே முடியலீங்கக்கா. முயற்சி பண்ணித்தான் பாக்கறேன்."

இசக்கியம்மா இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அவள் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டதைத் தேவி பார்க்கவில்லை. [பார்த்தாள்.] [பார்த்தாளா?] எனக்குத் தெரியவில்லை. இரண்டு அடைப்பையும் அப்படியே விடுகிறேன்.

பெரட்டில் இப்போது யாரும் யாருக்கும் குரல் கொடுப்பதில்லை. பிந்தி வருகிறவள் வேலை இல்லாமல் திரும்பிப் போகிறாள். தன் பெயர் வரும்போதுகூட இசக்கியம்மா ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறாள், சூப்பர்வைசர் இரண்டாம் முறை கூப்பிட வேண்டியிருக்கிறது.

7

வெயில் காலத்தில் பெனிஸ் திரும்பவும் வந்தான். இளைத்திருந்தான். வீடு வீடாகப் போய், புதிய ஒத்திகை நடக்கப் போகிறது, நடக்க முடியாதவர்களைத் தூக்க ஸ்ட்ரெச்சரும் ஆளும் வரும், இனிமேல் யாரும் யாருக்காகவும் குரல் கொடுக்கக் கூடாது என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். தேவி வீட்டில் மட்டும் ஒத்திகை அறிவிப்புத் தாளை நிலைப்படியில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு தேவி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தாள்.

"நான் அன்னைக்கு வெளிய வரப் போறதில்லைக்கா. அவரு படுத்துருந்த எடத்துல உக்காந்திருக்கப் போறேன். பேரு கூப்பிடட்டும். என்னைத் தேடி ஆரு வர்றாங்கன்னு பாக்கோணும்."

"ஒத்திகைதானேம்மா" என்றாள் இசக்கியம்மா. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு உறைத்தது.

"உங்களுக்கு மட்டுந்தான் சொல்லியிருக்கறேன்" என்றாள் தேவி.

8

இங்கே எனக்கு மூன்று வழி தெரிகிறது.

முதல் முடிவு. ஒத்திகையில் தேவியின் பெயர் வருகிறது, இசக்கியம்மாவின் வாய் பழைய பழக்கத்தில் தன்னால் திறந்து குரல் கொடுத்துவிடுகிறது. எழுதிப் பார்த்தேன். வாசகர் நெஞ்சில் கல்லைப் போட்ட மாதிரி இருக்கும், நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் மனுஷி இவ்வளவு நாள் தின்ற சோறு உடம்பில் ஒட்டாமல் கிடந்திருக்கிறாள், அவளை இரண்டாம் முறையும் அதே குழியில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு. பெயர் வருகிறது, குரல் இல்லை, மீட்புக் குழு இறங்கிப் போய்த் தேவியை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வருகிறது, எல்லோரும் கை தட்டுகிறார்கள். கம்பெனிக்கு அனுப்பினால் இதைத்தான் வழவழ காகிதத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள். அதிகாரிக்கு ரொம்பப் பிடிக்கும். காயம்கூட இல்லையே.

மூன்றாவதை எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

9

சைரன் ஊதியது. எல்லோரும் களத்துக்கு வந்தார்கள். அன்று பனி இல்லை, ஒருவர் முகம் ஒருவருக்கு நன்றாகவே தெரிந்தது. பெனிஸ் பெயர் வாசிக்க ஆரம்பித்தான்.

தேவியின் பெயருக்கு இன்னும் நாலைந்து பெயர் இருக்கும்போது இசக்கியம்மா வரிசையை விட்டு வெளியே வந்தாள். ஆரஞ்சு சட்டை போட்ட ஒருவன் தடுத்தான், இறங்கக் கூடாதும்மா, ஒத்திகைக் கணக்குப்படி உள்ளே ஆபத்து என்று சொன்னான். அவள் அவன் கையை விலக்கிவிட்டுப் படியில் இறங்கினாள். பெனிஸ் பார்த்தான், வாசிப்பதை நிறுத்தினான். பிறகு அந்த ஆளைப் பார்த்து விட்டுவிடு என்று தலையசைத்தான்.

லைன் வீடுகளில் ஒருவரும் இல்லை. ஒரு நாய் மட்டும் வெயிலில் படுத்திருந்தது. தேவி வீட்டுக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே சுவரோரமாகத் தரையில் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இசக்கியம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. வந்தது நீங்கதானா என்பதுபோல, எனக்குத் தெரியும் என்பதுபோல ஒரு மலர்ச்சி. அதைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இசக்கியம்மா உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னாள்.

"அன்னைக்கு அண்ணன் பேருக்குக் கொரலு குடுத்தது நானு தேவி. உம்பேருக்கும் நாந்தான் குடுத்தேன். அப்புறமாத்தான் தேடுனேன். அதுக்குள்ள நேரம் போயிருச்சு."

சொல்லிவிட்டாள். தேவியின் முகத்திலிருந்து அந்த மலர்ச்சி போகவில்லை. சொன்னது இன்னும் உள்ளே போய்ச் சேரவில்லை. பிறகு மெதுவாக, மிக மெதுவாகப் போய்ச் சேர்ந்தது. இசக்கியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

["போகட்டும் விடுங்கக்கா."]

["வெளிய போ."]

["எனக்கு எப்பவோ தெரியும்."]

மூன்றையும் எழுதினேன், மூன்றையும் அடித்துவிட்டேன். எதை வேண்டுமானாலும் அவள் வாயில் வைக்க எனக்கு வருகிறது. கொஞ்சம் குரலை மாற்றினால் போதும், கேட்கிற உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால்தான் பயமாக இருக்கிறது. புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். மன்னிப்பதும் மன்னிக்காமல் இருப்பதும் அவள் சொல்ல வேண்டியது. அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று இசக்கியம்மா வாசலிலேயே நிற்கிறாள்.

மேலே களத்தில் பெனிஸ் தேவியின் பெயரைக் கூப்பிடுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. ஒரு முறை. கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. அவ்வளவு பேர் நிற்கிறார்கள், யாரும் அவளுக்காகக் குரல் கொடுக்கவில்லை.

நீங்களும் கொடுத்துவிடாதீர்கள்.